இஸ்பேட் ஆஸில் சலவைக் குறி

ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். ஆஸ்பத்திரி பில்லின் கடைசி வரியில் இருந்த தொகை அது. தம்பி கொண்டுவந்து கட்டியதும் அதே தொகைதான்.

அது சும்மா கிடந்த பணம் இல்லை. தம்பி பதினான்கு வருஷமாக அடுத்தவன் பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறவன். ஒரு பழைய மெஷின் விலைக்கு வருகிறது என்று தெரிந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. அக்காள் போன் செய்த அன்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மெஷின்காரரிடம் போய் இரண்டு மாதம் தவணை சொல்லிவிட்டு வந்து, கவுண்டரில் நின்று எண்ணிக் கொடுத்தான். பிறகு அக்காளிடம் ஒரே ஒரு தடவை சொன்னான், அடுத்த மாதம் கடைசித் திங்கட்கிழமை காலையில் பணம் கையில் இல்லையென்றால் மெஷின் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று. இரண்டாம் தடவை சொல்லவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது. திரும்பத் திரும்பக் கேட்கிற கடன்காரனுக்குப் பதில் சொல்லிவிடலாம். கேட்காதவனுக்கு என்ன பதில் சொல்வது?

அவளுக்கு லாண்டரியில் வேலை. துவைக்கிற தொட்டிக்கும் இஸ்திரிப் பலகைக்கும் முன்னால், வாசலை ஒட்டி ஒரு மேஜை. வருகிற துணியெல்லாம் முதலில் அந்த மேஜைக்குத்தான் வரும். மூட்டையைப் பிரித்து, எண்ணி, ஒவ்வொரு உருப்படியிலும் கழுத்துப்பட்டைக்கு உள்ளே, கம்பெனிப் பெயர் தைத்த துண்டுக்குப் பக்கத்தில், அந்த வீட்டுக்கு உண்டான குறியை அழியாத மையில் போட வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி ஒரு கோடு. இன்னொரு வீட்டுக்குக் கோட்டுக்கு மேலே மூன்று புள்ளி. பதினேழு வருஷமாக அந்த மேஜை அவளுடையது. முன்னூற்றுச் சொச்சம் வீட்டுக் குறிகள் மனப்பாடம். தெருவில் யாரையாவது பார்த்தால் பெயர் ஞாபகம் வராது, குறி ஞாபகம் வரும். அதோ கோட்டுக்குக் கீழே புள்ளி போகிறார் என்பாள். லாண்டரியில் எல்லோரும் அவளைப் புள்ளியம்மா என்றார்கள். புருஷன் அதையும் சுருக்கிப் புள்ளி என்று கூப்பிடுவான். பதினேழு வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. வேறு பெருமை அதிகம் கிடையாது.

புருஷனுக்கு வீடு மாற்றுகிற வேலை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சாமான் தூக்குவது. பெரியவர்கள் போய்ச் சேர்ந்த வீடுகளைக் காலி பண்ணுவதும் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளில், வேண்டாததை எடுத்துக்கொள் என்பார்கள். கூட வேலை செய்கிறவர்கள் நாற்காலி எடுப்பார்கள், பித்தளைப் பாத்திரம் எடுப்பார்கள். இவன் மேஜை இழுப்பறையைத் திறந்து பார்ப்பான், பழைய சீட்டுக்கட்டு இருக்கிறதா என்று. இருந்தால் அதைக் கேட்பான், அதுவும் பெட்டியோடு. கூலியில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கூட வாங்கியிருக்கிறான். இருபத்திரண்டு வருஷத்தில் முப்பத்து நாலு கட்டு சேர்ந்தது, அதனதன் பெட்டியோடு. முப்பத்தைந்தாவது ஒன்று உண்டு. அதற்குப் பெட்டி இல்லை. ஒரு பழைய தலையணை உறையில் சுற்றி வைத்திருந்தான். அதன் இஸ்பேட் ஆஸில் ஒரு பறவை வாயில் சாவியைக் கவ்விக்கொண்டு நிற்கும். அதே பறவை போட்ட பெட்டி எங்கேயாவது தட்டுப்படும் என்று பதினோரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தான். தெருவில் அவனுக்குப் பெயரே சீட்டுக்கட்டு. ஆனால் ஒரு ஆட்டம் ஆடியவன் இல்லை. ஆட என்று கூப்பிட்டால், "ஆடினா அழுக்காயிடும்" என்பான்.

மூன்றாவது மாடியிலிருந்து இரும்பு அலமாரி இறங்கியபோது, கீழ்ப்படியில் நின்று தோள் கொடுத்தவன் இவன். மேலே பிடித்திருந்தவன் கை வழுக்கியது. அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, இடுப்பில் அகலமான பெல்ட்டும் கையில் ஒரு கோலுமாக வீட்டுக்கு வந்தான். வந்த மறுநாளே, கூரையைப் பார்த்துப் படுத்தபடி, சீட்டுக்கட்டு எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்றான். பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், மொத்தமாக ஒன்றரை லட்சம் தருகிறேன் என்று. இவன் சிரித்து அனுப்பிவிடுவான். இப்போது அவருக்குப் போன் போடச் சொன்னான். போடும்போது அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது, அதைக் கிளறினாள்.

கடைக்காரர் புதன்கிழமை வந்தார். மழை பெய்து தெரு முழுக்கச் சேறு. செருப்பை வெளியே விட்டு, கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேநீர் கொடுத்ததற்கு வேண்டாம் என்று சொல்லித் தள்ளி வைத்தார், சீட்டுக்குப் பக்கத்தில் ஈரம் ஆகாது என்று. அந்த ஒரு செய்கையிலேயே புருஷனுக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

அவள் தகரப் பெட்டியை இழுத்துவந்து திறந்தாள். உள்ளே எல்லாம் வரிசையாக இருந்தன. கடைக்காரர் இருப்பதிலேயே நல்லதை முதலில் எடுத்தார். மூலையில் எண் போடாத கட்டு. ராஜாவும் ராணியும் இப்போது போல மேலே ஒரு தலை கீழே ஒரு தலை என்று இல்லாமல், ஒரே தலையும் இரண்டு காலுமாக முழு ஆளாக நிற்பார்கள். முதுகுப் பக்கம் வெறும் வெள்ளை. மூலைகள் கத்தியால் வெட்டின மாதிரி கூர். கம்பெனிக்காரன் பெயர் இஸ்பேட் ஆஸில்தான் இருக்கும், அதனால் அதைத்தான் முதலில் உருவுவார்கள். கடைக்காரரும் அதை உருவினார்.

கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில், கரிக்கட்டை மாதிரி கறுப்பாக, இரண்டு புள்ளி ஒரு கோடு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்பக்கத்தில் அதே இரண்டு புள்ளி ஒரு கோடு. இன்னொரு கட்டை எடுத்தார். அதில் கோட்டுக்கு மேலே மூன்று புள்ளி. ஆறு கட்டுப் பார்த்துவிட்டு, யார் இதைச் செய்தது என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றாள் அவள். சொல்லும்போது குரலில் ஒரு பூரிப்பு இருந்தது. அதை நினைத்துத்தான் பின்னால் பல நாள் வெட்கப்பட்டாள்.

அவளே விவரம் சொன்னாள். இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மழையில் கூரை மூலை ஒழுகி, தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அத்தனையையும் வெளியே எடுத்து, பெட்டி தனி, சீட்டுத் தனியாகக் காயவைக்க வேண்டியிருந்தது. முப்பத்து நாலு கட்டு. மாறிப்போனால் இவர் உயிரை விட்டுவிடுவார். லாண்டரியிலிருந்து மைக்குப்பியைக் கொண்டுவந்து, ஒவ்வொரு கட்டுக்கும் அதன் பெட்டிக்கும் ஒரே குறியாகப் போட்டுத்தான் பிரித்தாள். எல்லாச் சீட்டிலும் போடவில்லை. கம்பெனிப் பேர் இருக்கிற சீட்டில் மட்டும், துணியில் போடுகிற மாதிரியே, பேருக்குப் பக்கத்தில். காய்ந்த பிறகு குறி பார்த்துச் சேர்த்தாள்.

"ஒண்ணுகூட மாறல. நீங்களே பாருங்க" என்றாள்.

கடைக்காரர் அவளைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தார். புருஷன் கையை நீட்டினான், அவர் ஆஸைக் கொடுத்தார். அவன் அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். நெடுநேரம் பிடித்திருந்தான். பிறகு சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

கடைக்காரர் நல்ல மனுஷர்தான், குரலை உயர்த்தவில்லை. ஒரு கட்டுக்கு இஸ்பேட் ஆஸ்தான் முகம் என்றார். முகத்தில் பச்சை குத்தின பெண்ணை எந்த மாப்பிள்ளை வீட்டில் காட்டுவது என்றார். வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதையும் பெட்டியையும்தான், இரண்டிலும் மை. மொத்தமாக நாற்பதாயிரம் தரலாம், அதற்கு மேல் தன் கை கடிக்கும் என்றார். பெட்டியில்லாத அந்தத் தனிக்கட்டில் மட்டும் மை இல்லையே, ஏன் என்று கேட்டார். தனியாக வருகிற துணிக்குக் குறி எதற்கு, ஜோடி இருந்தால்தானே மாறும் என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் போனார். மழை விட்டு, தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ரொட்டியைச் சுட்டுத் தட்டில் வைத்துப் பக்கத்தில் வைத்தாள். அவன் தொடவில்லை.

"திட்டுங்களேன்" என்றாள்.

"திட்டினா அழியுமா?"

அதற்கு மேல் அவன் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. கோல் வேண்டும் என்றால் கோலைப் பார்ப்பான், அவள் எடுத்துக் கொடுப்பாள். புள்ளி என்று கூப்பிடுவது நின்றுபோனது. அந்த வீட்டில் அந்த ஒரு சொல் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அழிக்கப் பார்க்காமல் இல்லை. ஒரு பெட்டிக்கடைச் சீட்டுக்கட்டு வாங்கி, அதில் அதே மையைத் தொட்டு, காயவைத்து, லாண்டரியில் கறை எடுக்கிற உப்பையும் தண்ணீரையும் பஞ்சில் நனைத்து ஒற்றினாள். மை அப்படியே நின்றது. காகிதம்தான் நார்நாராகப் பிரிந்துவந்தது. அவள் போட்ட மை அவளுக்கே அடங்குவதில்லை என்று தெரிந்தது. குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை லாண்டரியில், இஸ்திரி போடுகிற பையன் ஒருவன் வெள்ளைச் சட்டையில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டான். முதுகில் பழுப்பாக முக்கோணத் தழும்பு. மடித்து நடுவில் சொருகிவிடலாம், அவர்கள் பிரித்துப் பார்ப்பதற்குள் வாரம் ஆகிவிடும் என்று அவன் முணுமுணுத்தான். அவள் அந்தச் சட்டையை வாங்கி, தழும்பு மேலே தெரிகிற மாதிரி மடித்து, மூட்டையின் உச்சியில் வைத்தாள். பதினேழு வருஷமாக அப்படித்தான் செய்கிறாள். எரிந்ததை மேலே வை, நல்லதைக் கீழே வை. அப்போதுதான் நல்லது நல்லது என்று நம்புவார்கள். சட்டையை வைத்த கை அந்தரத்தில் நின்றது. சரி, இதைத்தானே செய்ய வேண்டும் என்று தோன்றியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கையை உலர்த்திக்கொண்டு, புருஷனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"கடைக்காரருக்கு வேணாம்னு சொல்லிட்டேன்."

அவன் தலையைத் திருப்பினான்.

"ஞாயித்துக்கிழமை மண்டபத்துல பழசு சேக்கிறவங்க கூடுவாங்கன்னு சொல்வீங்கல்ல, அங்க போய் ஒண்ணொண்ணா விப்போம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு விவரச் சீட்டு எழுதி வைப்போம், என்ன கட்டு, எத்தனை வருஷம், எது குறைச்சல்னு. மையை முதல்ல எழுதுவோம். எரிஞ்ச சட்டையை மேலதான் வைக்கணும்."

"யார் எழுதுறது? எனக்கு உக்கார முடியாது."

"நான் எழுதுறேன். நீங்க சொல்லுங்க."

அவன் கூரையைப் பார்த்தான். "உன் எழுத்து ஒண்ணொண்ணும் பூசணிக்கா அளவுக்கு இருக்கும்" என்றான். மூன்று நாளில் அவளோடு அவன் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

உண்மைதான். லாண்டரியில் ரசீது எழுதுகிறவர் நின்றுபோனபோது, முப்பத்தாறு வயதில், பழைய ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்த எழுத்து அவளுடையது. வேட்டி, சட்டை, படுக்கை விரிப்பு, தலையணை உறை என்றுதான் முதலில் எழுதத் தெரியும். அ, ஆ பிறகுதான் வந்தது.

அன்றே ஆரம்பித்தார்கள். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். முதலில், "தூக்கு, திருப்பு, இறக்கு" என்று ஆட்களுக்குச் சொல்கிற குரலில் சொன்னான். சீட்டை எண்ணு. ஐம்பத்திரண்டா, ஐம்பத்து மூன்றா பார். ஐம்பத்திரண்டு என்றால் ஜோக்கர் வருவதற்கு முந்தின காலம். மூலையைத் தடவிப் பார், கூரா, உருட்டா? கூர் என்றால் பழசு. சிவப்புச் சாயம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறதா? வழிந்திருந்தால் அட்டையில் ஓட்டை போட்டு அதன்மேல் கையால் சாயம் தடவினது. பெட்டிக்குள் கட்டைப் போட்டுக் குலுக்கு, சத்தம் வருகிறதா? வந்தால் பெட்டி வேறு கட்டினுடையது. கட்டும் பெட்டியும் ஒன்றாகவே கிழடானால், உள்ளே இறங்கும்போது சத்தமே வராது. புருஷன் பெண்டாட்டி மாதிரி என்று சொல்ல வந்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஒவ்வொரு விவரச் சீட்டுக்கும் கடைசி வரி ஒன்று சொன்னான். "இஸ்பேட் ஆஸிலும் பெட்டி மூடியிலும் சலவைக் குறி உண்டு. என் மனைவி போட்டது." அவள் எழுதுகோலை நிறுத்தி, என் மனைவி என்பது வேண்டுமா என்று கேட்டாள்.

"யார் போட்டதுன்னு கேப்பாங்கல்ல?"

எழுதினாள். மையை முதலில் எழுத வேண்டும் என்று சொன்னது அவள்தானே என்று, பிறகு அந்த வரியை அவனே மேலே ஏற்றச் சொன்னான். முதல் நாள் எட்டு விவரச் சீட்டு. கட்டைவிரல் வீங்கியது. துணியில் புள்ளி போட்ட கைக்கு, வரிவரியாக எழுதுவது கல் உடைக்கிற வேலையாக இருந்தது. வேலைக்குப் போய் வந்து, கஞ்சி வைத்துக் கொடுத்து, பாத்திரம் கழுவி, மறுபடி தரையில் உட்கார்ந்தாள்.

பத்தொன்பதாவது பெட்டியைக் கையில் எடுத்தவள் அதன் ஓரத்தை மோந்து பார்த்தாள். விரல்நுனியால் நெருடினாள். துணியில் ஒட்டுப் போட்ட இடம் எத்தனை மெல்லியதாக இருந்தாலும் அவள் விரலுக்குத் தெரியும்.

"இந்த மடிப்பு அப்புறமா ஒட்டினதுங்க. பழைய பசை மாவுப்பசை, மொறமொறன்னு இருக்கு. இது புதுப்பசை, வழவழன்னு."

அவன் வாங்கிப் பார்த்தான். பதினாறு வருஷமாகக் கையில் வைத்திருந்த பெட்டி. விளக்கைக் கிட்டே பிடிக்கச் சொல்லிப் பார்த்தான். "ஆமா" என்றான் மெதுவாக. "எழுது. விலையில முன்னூறு குறை." கொஞ்ச நேரம் கழித்து, மற்றப் பெட்டிகளையும் அவள் ஒருமுறை விரல் விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றான். அவள் பார்த்தாள். இன்னும் இரண்டு அகப்பட்டன.

இருபத்தெட்டாவது சீட்டில் முதல் வரி கொஞ்சம் நீண்டது. "சலவைக் குறி உண்டு. மழையில் நனைந்து பிரித்தபோது மாறிவிடக் கூடாதென்று என் மனைவி போட்டது" என்றான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அவன் மாற்றிவிடுவான் என்று பயம். குனிந்த தலையோடு எழுதினாள். அதற்குப் பிறகு எல்லாச் சீட்டிலும் அப்படியே சொன்னான்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு வந்த முதல் ஞாயிறு, தம்பி ஒரு தள்ளுவண்டியும் ஒரு மடக்குக் கட்டிலும் கொண்டுவந்தான். மண்டபத்தில் கட்டிலைப் போட்டு மாமாவைக் கிடத்தினான். பக்கத்து மேஜையில் தபால்தலைக்காரர், அடுத்ததில் தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவர், அதற்கடுத்து நாணயம். நடுவில் படுத்தபடி வியாபாரம் செய்கிற ஆளை யாரும் பார்த்ததில்லை. கூட்டம் அதற்காகவே வந்தது. வந்தவர்கள் சீட்டைப் படித்துச் சிரித்தார்கள். சீட்டுக்கட்டைச் சலவைக்குப் போட்ட வீட்டை இன்றுதான் பார்க்கிறோம் என்றார் ஒருவர். இஸ்திரியும் உண்டா என்று கேட்டார் இன்னொருவர். அவளுக்குக் காது சுட்டது. ஆனாலும் மேஜைக்குப் பின்னால் நேராக நின்றாள். சிரித்தவர்களில் பாதிப்பேர் இரண்டாம் சுற்றில் திரும்பி வந்தார்கள். குறையை இவ்வளவு பெரிதாக எழுதினவர்கள் மற்றதில் பொய் எழுதியிருக்க மாட்டார்கள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அன்று பத்தொன்பது கட்டு போயின. ஐம்பத்திரண்டாயிரத்து எழுநூறு ரூபாய். ஒவ்வொரு கட்டுப் போகும்போதும் புருஷன் அதைக் கையில் வாங்கி, ஒருதரம் திறந்து மூடி, வாங்குகிறவர் கையில் கொடுத்தான்.

இரண்டாம் ஞாயிறு பதினாலு. நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு. தம்பி மனக்கணக்குப் போட்டுக்கொண்டு நின்றான். இன்னும் பதினெட்டாயிரத்து நானூறு வேண்டும், மேஜையில் மீதி இருப்பது ஒரே ஒரு கட்டு. பெட்டி இல்லாததற்கு விலை வராது என்று தனிக்கட்டைப் புருஷன் வீட்டிலேயே விட்டிருந்தான். முழு ஆளாக ராஜா நிற்கிற அந்த முதல் கட்டு. அதற்கு என்ன விலை வைப்பது என்று அவள் கேட்டபோது, புருஷன் யோசிக்கவே இல்லை.

"பதினெட்டாயிரத்து நானூறு."

அது கட்டின் விலையா, கடனின் விலையா என்று தம்பி கேட்டான்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள. குறியில்லாம இருந்தா முப்பது போகும்" என்றான். அவள் பக்கத்தில் நிற்கிறாள் என்று ஞாபகம் வந்து, இருமிக்கொண்டான்.

மூன்றாம் ஞாயிறுதான் கடைசி. விடிந்தால் திங்கள். காலையிலிருந்தே மழை கொட்டியது. மண்டபத்தில் பாதி மேஜை காலி. தீப்பெட்டிக்காரர் குளிருக்குக் காதைக் கட்டிக்கொண்டு தூங்கினார். மத்தியானம் வரைக்கும் ஒருவரும் வரவில்லை. தம்பி வெளியே போவதும் வருவதுமாக இருந்தான். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொண்டுவந்த அவித்த முட்டையை உரித்து அக்காளுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்றான்.

மூன்று மணிக்குப் பல் டாக்டர் வந்தார். முதல் இரண்டு வாரமும் வந்து, அந்தக் கட்டைக் கையிலெடுத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு வைத்துவிட்டுப் போனவர். இன்றைக்கும் நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து, பல் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டார். ஆஸைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அவளிடம் பேசினார்.

"இந்த மை இன்னும் பரவுமா? பரவி, பேரைச் சாப்பிட்டுடுமா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

"பரவாதுங்க. பரவறதா இருந்தா முதல் பத்து எண்றதுக்குள்ள பரவியிருக்கும். அதுக்குத்தான் சொட்டா வைக்காம, பேனாவை ஒத்தி எடுத்துட்டுத் தொட்டு வைக்கிறது. உங்க பேரன் காலத்திலயும் இதே அளவுதான் இருக்கும். குறையவும் குறையாது, அதையும் சொல்லிடறேன்."

டாக்டர் சிரித்தார். அடைத்த பல் மாதிரி என்று வைத்துக்கொள்கிறேன் என்றார். பர்ஸை எடுத்து எண்ணினார். எண்ணி முடித்து, மறுபடி எண்ணினார். பதினெட்டாயிரம்தான் இருந்தது. மழையில் எந்த இயந்திரத்திலும் பணம் வரவில்லை, இருந்ததைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தேன், மீதியை அடுத்த வாரம் தரட்டுமா என்றார். அடுத்த வாரம் எதற்கும் பயன்படாது என்று அவருக்குத் தெரியாது.

அவர் பர்ஸை எடுக்கும்போது பைக்குள்ளிருந்த சில காலிப் பெட்டிகளையும் மேஜையில் எடுத்து வைத்திருந்தார். கட்டு இல்லாத பெட்டிகள், யாரிடமாவது மாற்றிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்தவை. புருஷன் கட்டிலிலிருந்து கழுத்தை நீட்டினான். பிறகு டாக்டரும் தம்பியும் பதறப் பதற, கோலை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். வலியில் முகம் வெளுத்தது. கையை நீட்டி ஒரு நீலப் பெட்டியை எடுத்தான்.

மூடியில் ஒரு பறவை. வாயில் சாவி.

அவன் பெட்டியை மோந்து பார்த்தான். நீளத்தை விரலால் அளந்தான். அவளிடம் நீட்டினான். அவள் ஓரங்களை நெருடிப் பார்த்தாள். மொறமொறவென்று மாவுப்பசை. ஒட்டு இல்லை, மறுமடிப்பு இல்லை.

"அசல்தாங்க" என்றாள்.

அதற்கு என்ன விலை என்று அவன் டாக்டரைக் கேட்டான். ஐந்நூறு சொல்லலாம், உங்களுக்கென்றால் அந்த நானூறுக்கே சரியாக வைத்துக்கொள்ளலாம், பதினெட்டாயிரமும் இந்தப் பெட்டியும் என்றார் டாக்டர்.

புருஷன் பெட்டியைத் திரும்ப மேஜையில் வைத்தான். வைத்துவிட்டு, விரலை அதன்மேலிருந்து எடுக்காமல் அவளைப் பார்த்தான். கடைக்காரர் வந்துபோன அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவன் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். கேட்கவில்லை. அவனுக்குக் கேட்கத் தெரியாது. கடன் கடன்தான், நானூறு ரூபாயும் கடன்தான் என்று அவனுக்குத் தெரியும். சரி, வேண்டாம் டாக்டர் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான்.

"எடுத்துக்குங்க" என்றாள் அவள்.

மாமா எடுத்துக்கொள்ளட்டும், நானூறுதானே, அது கிடக்கட்டும் என்றான் தம்பி. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. இடுப்பிலிருந்த சின்னப் பையைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தாள். மாதம் முழுக்க வேலைக்குப் போகவர வைத்திருந்த பஸ் காசு. நோட்டும் சில்லறையுமாகப் பொறுக்கி எண்ணினாள். முன்னூற்றுத் தொண்ணூறு. பையை மறுபடி உதறினாள். தையலில் மாட்டியிருந்த பத்து ரூபாய்க் காசு ஒன்று விழுந்தது.

"அக்கா, நடந்தா போவ? ஒண்ணரை மணி நேரம்க்கா."

"காலு இருக்குல்ல" என்றாள். "பில்லு எவ்வளவோ அவ்வளவு கட்டினல்ல நீ? நானும் அவ்வளவு தரேன். எண்ணிக்க."

தம்பி எண்ணினான். பட்டறையில் அளவு எடுக்கிறவன், எதையும் இருமுறை பார்க்கிறவன். பதினெட்டாயிரத்தையும் நானூறையும் இருமுறை எண்ணி, ஏற்கெனவே வாங்கியதோடு கூட்டி, பனியனுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டான். "சரியா இருக்குக்கா. தீந்துச்சு" என்றான். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, உரித்து வைத்திருந்த கடைசி முட்டையை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டவில்லை. மழை விட்டு, மேற்கே கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. தகரப் பெட்டி காலியாக மூலையில் வாயைத் திறந்து கிடந்தது. தம்பி மாமாவைப் படுக்கவைத்துவிட்டு மெஷின்காரர் வீட்டுக்கு ஓடினான்.

அவள் நாளைக்கு நடப்பதற்குச் செருப்பின் வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளி" என்றான் அவன். "இங்க வா."

தலையணை உறையைப் பிரித்து, தனிக்கட்டை நெஞ்சின்மேல் வைத்திருந்தான். நீலப் பெட்டிக்குள் அதை மெதுவாக இறக்கினான். இருவரும் காதைக் கொடுத்தார்கள். சத்தமே வரவில்லை.

அவன் கட்டை மறுபடி வெளியே எடுத்தான். இஸ்பேட் ஆஸை உருவி அவளிடம் நீட்டினான்.

"மைக்குப்பி எங்க?"

அவள் பின்னால் நகர்ந்தாள். "வேணாங்க. உள்ளதுல இது ஒண்ணுதான் சுத்தமா இருக்கு. வெல போயிடும்."

"விக்கிறதுக்கா வாங்கினேன்?"

"மாறறதுக்குத்தான் வேற கட்டே இல்லையே. எதோட மாறும்?"

"போடுன்னா போடு."

அவள் குப்பியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு யோசித்தாள். எந்தக் குறியைப் போடுவது? முன்னூற்றுச் சொச்சம் குறியும் ஒவ்வொரு வீட்டுக்கென்று போய்விட்டது. தங்கள் துணியை அவள் வீட்டிலேயே துவைத்துக்கொள்வாள், லாண்டரிக்கு அனுப்பியதில்லை. தங்கள் வீட்டுக்கென்று ஒரு குறியே இருந்ததில்லை.

பேனாவை மையில் தொட்டு, குப்பியின் விளிம்பில் ஒற்றி எடுத்தாள். சாவி கவ்விய பறவைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அதை ஒட்டி, இடைவெளி அதிகம் விடாமல், இன்னொன்று. கோடு எதுவும் போடவில்லை. பெட்டி மூடியைத் திறந்து உள்பக்கத்தில் அதேபோல இரண்டு.

அவன் சீட்டை முகத்துக்கு நேராகப் பிடித்து, மையின் மேல் மெதுவாக ஊதினான். அவள் வாய்க்குள் பத்துவரை எண்ணினாள். பரவவில்லை.